கூரைக்கு மேலே போன குழாய்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கக்கூசும் வீட்டுக்குள்ளேயே வேண்டும், நாற்றமும் வரக்கூடாது என்று மலையூரான கொட்டகலையில் கடை வைத்திருந்த அலியார் முணுமுணுத்தார். மகள் அசீசாவும் மருமகனும் தன்னோடேயே இருக்கட்டும் என்றுதான் போன மாதம் வீட்டோடு சேர்த்து அறையும் கக்கூசும் கட்டியிருந்தார். இன்று காலை ரயிலில் மருமகன் அவளைக் கொழும்புக்கே கூட்டிப் போய்விட்டான். "நாத்தம் தாங்க ஏலாது வாப்பா, இனி வர மாட்டோம்," என்று அழுதுகொண்டே போனாள்.

அலியார் அந்தக் கக்கூசைக் கட்டிய மேசன் சின்னராசாவைப் பிடித்து வந்தார். "ஒண்ட வேலதான் எண்ட மகளத் தொரத்திச்சு."

"நாத்தம் மேல போறதுக்குத்தானே மொதலாளி கூரைக்கு மேல காத்துக் கொழா வச்சேன்?"

சின்னராசா ஏணியில் ஏறிக் குழாய் வாய்க்குள் கையை விட்டார். சுருட்டிய சாக்கு ஒன்று வந்தது.

"யாரு மொதலாளி இத அடச்சது?"

"நான்தான். அதுவழியாப் பனி எறங்கினா மூச்சிழுப்புக்கார எண்ட மக தாங்குவாளா?"

"அதுல பனி எறங்காதுங்க. அத அடச்சதாலதான் நாத்தம் அறைக்குள்ள வந்திருக்கு."



"ஓட்டை இருந்தாப் பனி எறங்கத்தான் செய்யும். சாக்கத் திரும்ப அடச்சிட்டு எறங்கு. எண்டைக்காவது அவ வருவா," என்று சொல்லிவிட்டு அலியார் கடையைப் பார்த்து நடந்தார்.