தேதி முடியாத சுவரொட்டி

வண்ணார்பேட்டைப் பாலத்துச் சுவரில் முற்பகல் வெயில் விழுகிறது. ஆற்றில் சாக்கடை விடுவதை எதிர்க்கும் நாளைய கூட்டத்துக்காகச் செந்தூர்பாண்டி நேற்றுத் தன் கையால் ஒட்டிய சுவரொட்டிகள் இடமே விடாமல் சுவரை நிறைத்திருக்கின்றன. இன்று விடிகாலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். மை காயாத கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளோடு நண்பர் ஹசன் அலி நிற்கிறார். காலடியில் மைதாப் பசை வாளி. பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன.

"இதுக்கு மேலயே ஒட்டிருவோம், பாய். அவரு ஒட்டுனதுதான?" என்கிறான் கூட வந்த தேவேந்திரன்.

"தேதி முடியாததுக்கு மேல ஒட்டப்படாதுன்னு நம்மள ஏசுனவன்லா."

"அப்ப நாளைக்குக் கூட்டம்?"

ஹசன் அலி நண்பரின் சிரித்த முகத்தைப் பையச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்குகிறார். கையால் பசையை அள்ளி, காற்றில் படபடக்கும் நாளைய தேதியின் ஓரத்தை அழுத்தி ஒட்டுகிறார்.