விட்டுவிட வேண்டிய ஃபோல்டர்

“வைரஸ் ஸ்கேன் மறுபடியும் பாதியிலேயே நிக்குதுங்க. எரர்னு வருது,” என்று அவள் கணவனுக்கு ஃபோன் செய்தாள். இந்த வாரம் இது மூன்றாவது முறை.

“உன் கம்ப்யூட்டரும் உன்னை மாதிரிதான், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குது. எனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. அந்தப் ‘பழைய படங்கள்’ ஃபோல்டரை விட்டுட்டு ஸ்கேன் பண்ணு, சரியாயிடும்.”

“சரிங்க.”

ஃபோனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த சர்வீஸ்காரரைப் பார்த்தாள். அவள் டைப் செய்வதையெல்லாம் யாருக்கோ அனுப்பும் புரோகிராமை அந்த ஃபோல்டருக்குள்தான் அவர் கண்டுபிடித்திருந்தார். யாரோ வெளியாள் வேலை என்றே அவள் இதுவரை நம்பியிருந்தாள்.

“சார் என்னம்மா சொன்னார்?”

“எந்த ஃபோல்டர்னு நான் சொல்லவே இல்லண்ணா,” என்று கண்ணாடியைக் கழற்றினாள். “அவரே சொல்லிட்டார்.”