முகமில்லாத ஆட்டக்காரர்

"வீரர்களோட பேரு போடக்கூடாது, மூஞ்சி கூடாது, சட்டை நம்பரும் கூடாதாம். எல்லா உரிமையையும் பெரிய கேம் கம்பெனிக்காரன் மொத்தமா வாங்கிட்டான்," என்றான் தில்லை. அவனும் செண்பகாவும் மட்டுமே சேர்ந்து செய்த கிரிக்கெட் வீடியோ கேம் அது. செண்பகா அதிலிருந்த நட்சத்திர வீரரின் முகத்தை அழித்தாள். பொம்மையாக நின்றவருக்கு, நிஜத்தில் அவரிடம் இல்லாத, தான் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது செய்யும் பழக்கம் ஒன்றைக் கொடுத்தாள்: ஒவ்வொரு பந்துக்கும் முன்னால், மூடிய கதவைத் தட்டுவதுபோல மட்டையை விரல்முட்டியால் இருமுறை தட்டுவது. அடுத்த சீசனில் அந்த வீரர் டிவியில் களமிறங்கினார். சட்டை முழுக்கப் பெரிய கம்பெனியின் பெயர். பந்து வருமுன் குனிந்து, மட்டையை விரல்முட்டியால் இருமுறை தட்டினார். "இவரு நம்ம கேம் ஆடுறாரா?" என்றான் தில்லை. செண்பகா டிவியைப் பார்த்துச் சொன்னாள்: "தட்டவே வேணாம், கதவு திறந்துதான் இருக்கு."