பச்சைக் கதவு

வெள்ளைச் சுவருக்கு எதிரே தம்பி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். மதிய வெயில் சன்னல் வழியே வந்து முகத்தில் சுள்ளென்று விழுந்தும் மூடிய இமைகள் அசையவில்லை. பக்கத்தில் அக்காவின் தையல் மிஷின் கடகடக்கிறது. மேல்நாட்டு மறைஞானிகளின் தியானமாம் இது. சுவரில் மாட்டிய கறுப்பு அட்டையில் ஒட்டிய சிவப்பு முக்கோணம் நெருப்பின் சின்னம். அதை இமைக்காமல் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், இருட்டில் அது பச்சையாக எழுந்து நிற்கும். அதுதான் கதவு. உள்ளே போனவன் அதே கதவு வழியாகத்தான் திரும்ப வேண்டும். "நான் எந்திரிக்கிற வரைக்கும் அட்டையத் தொட்டுடாதக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். "ஆமா, பெரிய கோட்டைக் கதவு, நான் பேத்துக்கிட்டுப் போகப்போறேன்" என்று சிரித்தாள்.

மிஷின் நிற்கிறது. காலருக்குப் பேட்டர்ன் வெட்ட அட்டை தேடியவள், மேசையடியில் குப்புறக் கிடந்த ஒன்றை எடுத்து வளைவாக வெட்டி முடித்திருக்கிறாள். ஃபேன் காற்றில் சுவரிலிருந்து விழுந்த அட்டை அது. இப்போதுதான் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு கையில் பாதி முக்கோணம், மறு கையில் மீதி.

"டேய், போதும்டா. எந்திரி."

இமைகள் மெல்லத் திறக்கின்றன. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளை வா, போ என்று மட்டுமே பேசியவன், அவளை ஏற இறங்கப் பார்க்கிறான். பிறகு மிகுந்த மரியாதையோடு சொல்கிறான்:

"உங்க தம்பி இன்னும் வெளிய வரலைங்க."