மூக்குப்பேணி

புகையிலை விற்கக் கொழும்புக்குப் போன கந்தப்பு, விடுதி அறையில் விழித்ததும் மேசையில் இருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். உதட்டில் ஏதோ வழுக்கிக்கொண்டு வந்து இடித்தது. கட்டுப்பல் வரிசை ஒன்று, ஓரப்பல் கறுத்து, சளி சுற்றிக் கிடந்தது. குடல் வாய்க்கு வரும்படி சத்தி எடுத்தான்.

“அறையிலை உங்களைத் தவிர ஆரும் இருக்கேல்லையே, அண்ணை,” என்று விடுதிக்காரன் சிரித்தான்.

பல்லைச் சாக்கடையில் எறிந்துவிட்டு ரயிலேறினான்.

புத்தூருக்கு வந்த பிறகும் தண்ணீரைக் கண்டால் குமட்டியது. இரண்டு நாளாக இளநீரைக் குடித்தே தோட்டத்துக்கு இறைத்தான். மூன்றாம் நாள் கிணற்றடியில் ஏறித் துலா மிதிக்கையில் தலை சுற்றி, விழப் பார்த்தான்.

“எங்கடை கிணத்துத் தண்ணியும் உங்களுக்கு அரியண்டமோ?” என்று மனைவி இரத்தினம்மா ஏசினாள். மத்தியானம் சோறும் முருங்கையிலை வறையும் போட்டு, ஊற்றிக் குடிக்கக் குழல் வைத்த மூக்குப்பேணியை நீட்டினாள். “அண்ணாந்து ஊத்துங்கோ. வாய் படாட்டி என்ன வந்து முட்டப் போகுது?”

சோறு விக்கியது. கந்தப்பு அண்ணாந்து ஊற்றினான். நாலு மிடறு குளிர்ச்சியாக இறங்கியது. பிறகு பேணியின் மூக்கு அடைத்துக்கொண்டது. சரித்து உள்ளே பார்த்தான்.

அதே பல் வரிசை. கறுத்த ஓரப்பல்லின் இடுக்கில், சற்றுமுன் அவன் மென்று விழுங்கிய முருங்கையிலை துருவிய தேங்காய்ப்பூவோடு ஒட்டியிருந்தது.