மலைக்கு அந்தப் பக்கம்

“நேரா ஓட்டு. எங்கயாவது வளைச்சே, மண்டை சிதறிடும்.”

துப்பாக்கி முனை விமானியின் காதோரம் அழுந்தியது. அது இன்னும் சூடாக இருந்தது. சற்று முன்புதான் விமான நிலையக் காவலாளியைக் கொன்றிருந்தது. விமானச் சக்கரத்துக்குக் கொடுத்திருந்த கட்டையை எடுக்க மறுத்த மெக்கானிக்கின் தொடையையும் துளைத்திருந்தது. மெக்கானிக், விமானியின் கூடப்பிறந்த தம்பி.

“போகாதேக்கா!” என்று தரையில் கிடந்து அலறியவனின் குரல் இன்ஜின் இரைச்சலில் அமுங்கிப்போனது.

மலைக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்குத் தபாலும் மருந்தும் கொண்டுபோகிற சின்ன விமானம் அது. இன்று அதில் அவளும், போலீஸ் வேனிலிருந்து தப்பி வந்த இந்தக் கொலைகாரனும் மட்டும். மலையைத் தாண்டினால் வேறு நாடு. அங்கே அவனுடைய ஆட்கள் காத்திருந்தார்கள். ஏறும் முன் அவன் போனில் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது. “பொம்பளை ஒருத்திதான்டா. வந்து சேர்ந்ததும் முடிச்சுடலாம்.”

விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில் மேகம் கண்ணாடியை அப்பிக்கொண்டது. அவள் சட்டென்று இடப்பக்கம் சாய்த்தாள்.

துப்பாக்கியின் அடிக்கட்டை அவள் நெற்றியில் இறங்கியது. அடுத்த அடி குறிதவறி, எதிரே இருந்த வரைபடத் திரையில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கித் திரை கறுத்தது.

“வளைக்காதேன்னு சொன்னேன்ல!”

“எதிர்ல மலைய்யா! உன் பக்கம் பாரு!”

மேகம் ஒரு நொடி கிழிந்தது. ஈரப் பாறை ஒன்று, அதன் இடுக்கில் முளைத்த புதர்களோடு, வலப்பக்க இறக்கையை உரசுவதுபோல் பின்னால் ஓடி மறைந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“இங்கேருந்து கிளம்பறது விளையாட்டு இல்ல. மேகத்துக்குள்ள கண்ணு உதவாது, உடம்பும் பொய் சொல்லும். இந்த மீட்டர் முள்ளுங்களைத்தான் நம்பணும்” என்றாள் அவள், மூச்சு வாங்க.

“எனக்குப் பாடம் எடுக்காதே. இனிமே நேரா போ. சாய்ச்சா எனக்குத் தெரியாதா? பஸ் வளைஞ்சாலே தூக்கத்துலேருந்து எழுந்துக்கற ஆளு நான்.”

“சரி.”

அதற்குப் பிறகு விமானம் அலுங்காமல் குலுங்காமல் போனது. நாலு பக்கமும் ஒரே வெள்ளை. அவன் கண் அவள் கைகளை விட்டு நகரவில்லை. முள்களை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஒரு காற்றடியில் விமானம் தூக்கிப்போட்டது. துப்பாக்கி தானாக வெடித்து, கூரையில் ஓட்டை விழுந்தது. அவன் பயத்தில் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை ஜன்னலில் மோதினான்.

“வேணும்னேதானே பண்ணினே?”

“காத்துய்யா அது!” வாயில் ஊறிய ரத்தத்தை அவள் துப்பினாள். “என்னைக் கொன்னுட்டா யார் இறக்குவாங்க? நீயா?”

அவன் முடியை விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் காது அடைத்தது. சந்தேகம் வந்துவிட்டது.

“எறங்கறியா?”

“மலை தாண்டியாச்சு. இறங்கினாத்தானே போய்ச் சேர முடியும்?”

அவன் அவளுடைய வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னுக்கு வளைத்தான். “நெஜமா சொல்லு. தாண்டியாச்சா?”

“தாண்டியாச்சு.”

இன்னும் வளைத்தான். விரல் முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அவள் கத்திய கத்தலில் அவன் ஒரு கணம் பின்வாங்கினான்.

“தாண்டியாச்சுன்னு சொல்றேன்ல!”

அந்த வலியில் யாரும் பொய் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. சிரித்துக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தான்.

அவள் இடது கையால் ஓட்டினாள். வலது கண்ணை ரத்தம் மூடியிருந்தது. மற்றொரு கண் முள்களிலேயே இருந்தது. மேகம் விலகியபோது தரை மிக அருகில் வந்துவிட்டிருந்தது. கொட்டும் மழையில் நனைந்த ஓடுபாதை, இருபுறமும் மங்கலான விளக்குகள். சக்கரங்கள் தரையை அறைந்தன. விமானம் வழுக்கிக்கொண்டே ஓடி, ஒரு கோடியில் புல்லோரமாக நின்றது.

மழைக்குள்ளிருந்து ஒரு வேன் முகப்பு விளக்கோடு வேகமாக வந்தது.

“நம்ம பசங்க!” துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டான். “உக்காரு அக்கா. உன்னை அவனுங்க கவனிச்சுக்குவானுங்க.”

கதவைத் திறந்து குதித்தான். வேனிலிருந்து இறங்கி மழைக்கோட்டோடு ஓடிவந்த தடியனைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான்.

தடியன் அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். முகம் தாரில் மோதி அவன் முன்பல் தெறித்தது. பூட்ஸ் கால் அவன் கழுத்தில் ஏறியது. மழைக்கோட்டுக்குள் போலீஸ் சீருடை தெரிந்தது.

கதவருகே தள்ளாடி வந்து நின்றவளைப் பார்த்து அந்தப் போலீஸ்காரர் கத்தினார். “உங்க தம்பிக்குக் கட்டுப் போட்டாச்சும்மா! உயிருக்கு ஒண்ணும் இல்ல!”

கொலைகாரன் தலையைத் திருப்பப் பார்த்தான். “தம்பியா? இது... இது எந்த ஊரு?”

போலீஸ்காரர் விலங்கை இறுக்கினார்.

“அரை மணி நேரமா எங்க தலைக்கு மேலயேதான்யா சுத்திட்டு இருந்தே!”