இரண்டாம் இடம்

பாட்டுக்கு அதிவேக டிரம் தாளம் சேர்த்து மாற்றியமைக்கும் ‘டிரம் அண்ட் பேஸ்’ ரீமிக்ஸ் போட்டி இணையத்தில் நடந்தது. அதில் தனக்கு இரண்டாம் இடம்தான் என்று தெரிந்ததும், கணவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தான்.

“ஆறு வாரம் சோறு தண்ணி இல்லாம உழைச்சேன். எவனோ ‘அடிதடி’ன்னு பேரை வச்சுக்கிட்டு முதல் பரிசைத் தட்டிட்டுப் போயிட்டான்!”

“அவன் ரீமிக்ஸ் அவ்வளவு மோசமா?” என்றாள் மனைவி.

“அந்த டிரம் சத்தம் மட்டும் நெஞ்சுல இடி விழுந்த மாதிரி இருக்கு. எங்கேருந்து பிடிச்சான்னுதான் புரியல.”

“இந்த வீட்லதான். டீ ஆறிப்போனாக்கூட அறைஞ்சு சாத்துவீங்களே, அந்த ரூம் கதவு. அடிதடி நான்தான்.”

முகம் சிவக்க எழுந்து அறைக்குள் போனான். அவள் போனில் ரெக்கார்டிங்கை ஆன் செய்தாள்.

“நல்லா ஓங்கிச் சாத்துங்க. அடுத்த போட்டிக்கு வேணும்.”